சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால்: பேரிடர் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையின் தகவலை நடத்துவது எப்படி

அரசு அலுவலகத்தில் கட்டுப்பாட்டு அறை அமைக்கலாம் என்று யாராவது சொன்னால் போதும், முதலில் தயாராவது கொள்முதல் பட்டியல்தான். சுவர் முழுக்கத் திரை, நாலு ட்ரோன், நிலவரத்தை ஒரே திரையில் காட்டும் ஒரு டாஷ்போர்டு, மக்களுக்கு ஒரு செயலி. எல்லாம் வந்து இறங்கிய பிறகு ஒரு நாள் நிஜமாகவே வெள்ளம் வரும். அந்த இரவில் வேலை நடப்பதோ இரண்டு தொலைபேசியிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் யாரோ ஒருவர் மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கும் நோட்டிலும்தான். அதனால் இந்தக் குறிப்பைத் தலைகீழாக எழுதுகிறேன்: முதலில் தகவல், அப்புறம்தான் கருவி. உள்ளாட்சியிலோ மாவட்ட அளவிலோ இந்த வேலை தலையில் வந்து விழுந்தவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து உதவும் தன்னார்வலர்களுக்கும் இது.

முடிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள்

உங்கள் பகுதியில் வரக்கூடிய ஆபத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆபத்து வந்தால் யாரோ ஒருவர் எடுத்தே ஆக வேண்டிய முடிவுகளை எழுதுங்கள். எந்தத் தெருக்களைக் காலி செய்யச் சொல்வது, படகை முதலில் எங்கே அனுப்புவது, எந்தச் சாலையை மூடுவது, எந்த மருத்துவமனைக்கு டீசல் போக வேண்டும், இப்படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும். முடிவெடுப்பவர் யார் (பதவியை எழுதுங்கள், ஆளின் பெயரை அல்ல, அந்த ஆள் சரியாக அன்றைக்குத்தான் விடுப்பில் இருப்பார்), அவருக்கு என்ன தெரிந்தால் முடிவெடுக்க முடியும், எத்தனை மணிக்குள் தெரிந்தால் அது உதவும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேலே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்ற கணக்கு, தண்ணீர் கீழே ஊருக்குள் புகுந்த பிறகு புள்ளி பிசகாமல் வந்து சேர்ந்து என்ன பயன்? "ஏறத்தாழ இவ்வளவு, இன்னும் மூன்று மணி நேரத்தில் வரும்" என்று அரைகுறையாகவே ஆனாலும் முன்னாடியே வந்தால் ஒரு பகுதியையே காலி செய்துவிடலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்துப் பாருங்கள். ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கத்தைக் கண்டுபிடித்து ஏறத்தாழ கால் மணி நேரத்திலேயே முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. இலங்கைக் கரைக்கு அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. நிலநடுக்கத்தின் உண்மையான பலம் அப்போது முழுசாகப் பிடிபடவில்லை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குறை, இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. அந்தத் தகவலை வாங்கி "கரையைக் காலி செய்" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆளிடம் கொண்டு சேர்க்கும் வழி யாரிடமும் இருக்கவில்லை. கருவி தன் வேலையைச் செய்தது, கடைசி ஆள் வரைக்கும் பாதைதான் போடப்படவில்லை. உங்கள் தாளில் அந்தப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த முடிவுக்கும் உதவாத தகவலை முதல் நாளில் சேகரிக்காதீர்கள். மேலிடத்திலிருந்து "எத்தனை கால்நடை, எத்தனை ஏக்கர்" என்று கேட்பார்கள். நிவாரணக் கணக்குக்கு அது தேவைதான், ஆனால் ஆட்கள் கூரையில் நிற்கும்போது அதைக் கேட்டு ஊழியர்களைத் துரத்த வேண்டாம். நாளை காலை என்று சொல்லி ஒதுக்கி வையுங்கள்.

ஒரு செய்தி எப்படி இருக்க வேண்டும்

இந்தக் குறிப்பில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கட்டுப்பாட்டு அறைக்கு இப்படித்தான் செய்திகள் வரும்: "பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது, குழந்தைகளோடு நிறைய பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே ஆள் அனுப்பவும், அதிகம் பகிரவும்." எந்தப் பாலம்? எப்போது? எழுதியவர் அங்கே இருக்கிறாரா, இல்லை வேறு ஊரிலிருந்து நாலு குழு தாண்டி வந்ததை அனுப்புகிறாரா? நிறைய பேர் என்றால் ஆறா அறுபதா? இதைப் படித்துவிட்டுப் படகு அனுப்ப முடியாது. படகு அனுப்பாமல் இருக்கவும் மனசு வராது. அங்கேதான் நேரம் போகிறது.

தொலைபேசி எடுப்பவர், வாட்ஸ்அப் பார்ப்பவர், ஒயர்லெஸ்ஸில் கேட்பவர், எல்லோரும் ஒரே படிவத்தில்தான் எழுத வேண்டும். அதே செய்தி படிவத்துக்குள் வந்தால் இப்படி இருக்கும்:

எண்: 214
பெற்ற நேரம்: 14:20
பார்த்த நேரம்: 13:50
இடம்: ரயில் பாலத்துக்கு வடக்கே, ஆரம்பப் பள்ளி மாடி
சொன்னவர்: மாடியிலேயே இருக்கிறார், திரும்பக் கூப்பிடும் எண் உண்டு
நிலைமை: 11 பேர், ஒருவருக்கு நடக்க முடியாது, தண்ணீர் முதல் மாடிக்கு ஒரு அடி கீழே
தேவை: படகு, தூக்குப் படுக்கை
ஒப்படைத்தது: தீயணைப்பு, 14:26
நிலை: கிளம்பியது

"பெற்ற நேரம்", "பார்த்த நேரம்" இரண்டும் ஏன் தனித்தனி என்று கேட்பார்கள். மழை நின்று ஆறு மணி நேரம் கழித்தும் காலையில் எழுதிய செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்களை மீட்டு முகாமில் சேர்த்த பிறகும் அவர்களைக் காப்பாற்றச் சொல்லி வேறு வேறு ஊர்களிலிருந்து அழைப்பு வரும். ஒரு நேரம் மட்டும் இருந்தால் பழையது எது புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள், காலை மாலை குழப்பம் வராது. இரவு தாண்டி ஓடும் நிகழ்வென்றால் தேதியும் வேண்டும்.

சொன்னவர் நேரில் பார்த்தவரா, கேட்டவரா என்பதையும் விட்டுவிடாதீர்கள். கேட்டுச் சொன்னது பொய் என்று அர்த்தம் இல்லை, அது உறுதி செய்ய வேண்டியது, அவ்வளவுதான். திரும்பக் கூப்பிடும் எண் இல்லாத செய்தியை உறுதி செய்ய வழியே இல்லை என்பதால், முகவரிக்கு முன்னால் எண்ணைக் கேளுங்கள். பேச்சு பாதியில் அறுந்தாலும் எண் கையில் இருக்கும்.

அப்புறம் ஒரே வீட்டுக்காக அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வெளிநாட்டில் இருக்கும் பெண் என்று ஐந்து பேர் கூப்பிடுவார்கள். ஐந்து பதிவு ஆகும், ஐந்து படகு கிளம்பும். இடத்தையும் எண்ணையும் ஒப்பிட்டு ஒரே விஷயம் என்று தெரிந்தால் எதையும் அழிக்காமல் "214-ஐப் பார்க்க" என்று இணைத்துவிடுங்கள். அழித்தால், ஒருவேளை அவை இரண்டு வீடாக இருந்தால், ஒரு வீட்டை அழித்ததாக ஆகிவிடும். இதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அறையிலேயே அதிகப் படகு நேரத்தை மிச்சப்படுத்துவது அவர்தான்.

நிலை என்ற கட்டத்தில் நாலே வார்த்தை போதும்: புதியது, ஒப்படைத்தது, கிளம்பியது, முடிந்தது. களத்தில் போனவர் திரும்பச் சொல்லும் வரைக்கும் "முடிந்தது" என்று யாரும் எழுதக் கூடாது. "தகவல் கொடுத்தாச்சு" என்பது முடிந்ததாக ஆகாது. அரசு வேலையில் பாதி விஷயம் அந்த இடத்தில்தான் செத்துப்போகிறது.

இடம் சொல்வது

ஊர்ப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் மூன்று தெரு இருக்கும், பழைய பெயர் ஒன்று புதுப் பெயர் ஒன்று இருக்கும். ஜிபிஎஸ் எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) வாங்குங்கள், ஆனால் அதிலும் மூன்று பொறி உண்டு.

ஒன்று, எழுதும் முறை. ஒருவர் பாகையைத் தசமத்தில் எழுதுவார், இன்னொருவர் பாகை, நிமிடம், விநாடி என்று எழுதுவார். 12.30 என்று எழுதியிருந்தால் அது தசமத்தில் 12.30 பாகையா, 12 பாகை 30 நிமிடமா? 12 பாகை 30 நிமிடம் என்றால் தசமத்தில் 12.5. இரண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். எல்லோரும் தசமம்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்து படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். இரண்டு, புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிப்போகலாம், நாலு இலக்கம் என்றால் பத்துப் பதினோரு மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். வீட்டைக் கண்டுபிடிக்க நாலாவது வேண்டும். மூன்று, வரிசை. மனிதர்கள் அட்சரேகையை முதலில் சொல்வார்கள், சில மென்பொருள் கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் வைக்கும். வரைபடத்தில் உங்கள் புள்ளிகள் எல்லாம் நடுக்கடலிலோ வேறு கண்டத்திலோ விழுந்தால் இதுதான் காரணம்.

பல நாடுகளில் அவசர எண்ணை அழைத்ததும் ஸ்மார்ட்போன் தானாகவே தன் இடத்தை அனுப்பும் வசதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் 2016-லிருந்து இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு அவசர சேவை அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் அவசர எண் மையம் அதை வாங்குகிறதா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

வரைபடத்துக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை முன்கூட்டியே இறக்கி இணையம் இல்லாமல் திறக்கிற மாதிரி வைத்திருங்கள். 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அதில் உருப்படியான தெரு வரைபடமே இல்லை. உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அருமையான கதைதான், ஆனால் உங்கள் ஊரை மழை இல்லாத நாளில் வரைந்து வைப்பது அதைவிட நல்லது. அதே ஹைட்டியில் 4636 என்ற குறுஞ்செய்தி எண்ணுக்கு மக்கள் கிரியோல் மொழியில் எழுதியதை, வெளிநாட்டில் வாழும் ஹைட்டிக்காரர்கள் இணையம் வழியாக மொழிபெயர்த்து இடத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். உங்கள் பகுதியில் என்னென்ன மொழி பேசுகிறார்கள், அறையில் அந்த மொழி தெரிந்தவர் யார் என்ற பட்டியலும் ஒரு தொழில்நுட்பம்தான்.

செயற்கைக்கோள் படம் வேண்டுமானால் 2000-லிருந்து செயல்படும் விண்வெளி மற்றும் பெரும் பேரிடர்களுக்கான சர்வதேசச் சாசனம் என்ற ஏற்பாடு இருக்கிறது, பல நாட்டு விண்வெளி அமைப்புகள் சேர்ந்து பேரிடர் படங்களை இலவசமாகத் தருகின்றன. யார் வேண்டுமானாலும் கேட்க முடியாது, அனுமதி பெற்ற அமைப்பு வழியாகத்தான் கேட்க வேண்டும். உங்கள் நாட்டில் அது யார், அவர்களை எந்த எண்ணில் பிடிப்பது என்று எழுதி வையுங்கள். கேட்கும்போது ரேடார் படம் கேளுங்கள். சாதாரணப் படத்தில் வெள்ள நாளில் தெரிவது மேகம்தான். ரேடார் மேகத்தையும் இருட்டையும் தாண்டித் தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டும்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. பலத்த காற்றில் பறக்காது, பேட்டரி பெரும்பாலும் அரை மணி நேரம் அளவுக்குத்தான் வரும், ஹெலிகாப்டர் வருகிற வழியில் பறந்தால் ஆபத்து. அடுத்த நாள் சேதம் பார்க்க நல்ல கருவி. முதல் இரவில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சத்தமே இல்லாத இடம்

அழைப்பு அதிகம் வருகிற இடம்தான் அதிகம் பாதிக்கப்பட்ட இடம் என்று நினைப்பது இயல்பு. பல தடவை அது டவர் வேலை செய்கிற இடம், அவ்வளவுதான். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைக் கடந்த மறுநாள் அந்தத் தீவின் செல்போன் கோபுரங்களில் 95 சதவீதம் செயலிழந்திருந்தன. அங்கிருந்து ஒரு டாஷ்போர்டுக்கு என்ன வந்திருக்கும்? எதுவும் வந்திருக்காது, எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும்.

ஆகவே வரைபடத்தில் இன்னொரு நிறம் வையுங்கள்: "கடைசியாகத் தகவல் வந்து இத்தனை மணி நேரம் ஆகிறது." மூன்று மணி நேரமாக ஒரு கிராமத்திலிருந்து நல்லதும் வரவில்லை கெட்டதும் வரவில்லை என்றால் அங்கே ஒருவரை அனுப்புங்கள். பைக்கில், படகில், நடந்து, எப்படியாவது. அழுத்தம் எப்போதும் சத்தம் போடும் இடத்துக்கே ஆள் அனுப்பச் சொல்லும். இந்த ஒரு வேலையை மட்டும் அந்த அழுத்தத்திலிருந்து காப்பாற்றி வைக்க வேண்டும்.

எக்செல் கேவலம் இல்லை, ஆனால்

சிறப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் நிவாரண வேலைகளை நிர்வகிக்க உருவாக்கிய சஹானா, 2008-இல் கென்யத் தேர்தல் வன்முறையின்போது மக்கள் அனுப்பும் செய்திகளை வரைபடத்தில் காட்டப் பிறந்த உஷாஹிடி, இரண்டும் திறமூலம்தான் (யாரும் இலவசமாக எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்), பல நாடுகளில் ஓடியிருக்கின்றன. உங்களிடம் அதை நடத்தத் தெரிந்த ஆள் இருந்தால், சாதாரண நாட்களிலும் அதில் கை பழகியிருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். பேரிடர் நடக்கிற நேரத்தில் புது மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஸ்ப்ரெட்ஷீட்டே பல நேரம் நல்லது.

அதற்கும் எல்லை உண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மேலே வந்தது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் வராமல் போனது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது. யாரும் தூங்கிவிடவில்லை, கோப்பு நிறைந்துவிட்டது என்று சொல்ல அந்த அமைப்பில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: உள்ளே வந்தது எத்தனை, பதிவானது எத்தனை என்று ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் எண்ணி ஒப்பிடுங்கள். எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா, நடுவில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஷீட்டில் எழுதும் உரிமை மூன்று நாலு பேருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். யாரோ ஒருவர் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி எல்லாப் பெயருக்கும் வேறு வேறு தொலைபேசி எண் பொருந்திப்போன கதை எல்லா அலுவலகத்திலும் உண்டு. மணிக்கு ஒரு தடவை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். சிரிப்பார்கள், மின்சாரம் போனதும் அந்தச் சுவரின் முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

எல்லாம் அறுந்துபோகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்

செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான். ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள், டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, அது தரைத்தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளத்தில் ஜெனரேட்டர் முதலில் மூழ்குவது சகஜம்.

அறையே போய்விட்டால்? நியூயார்க் நகரத்தின் அவசரகால மையம் 2001-இல் ஏழாவது உலக வர்த்தக மையக் கட்டிடத்தில் இருந்தது. செப்டம்பர் 11 காலையில் அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று, மாலைக்குள் கட்டிடமே விழுந்துவிட்டது. வேறொரு இடத்தில் புதிதாக மையம் எழுப்பி வேலையைத் தொடர்ந்தார்கள். உங்களுக்கு இரண்டாவது இடம் எது, அங்கே தொடர்பு எண்களும் படிவங்களும் வரைபடமும் காகிதத்தில் இருக்கின்றனவா?

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து உலக வர்த்தக மையக் கோபுரம் விழப்போகிறது என்று சொன்னது போலீஸ் ஒயர்லெஸ்ஸில் ஓடியது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது நேரடியாகப் போய்ச் சேர வழி இல்லை. துறைக்கு ஒரு ஒயர்லெஸ் என்பது எல்லா நாட்டிலும் இருக்கிற நோய். எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக மாற்ற ஆண்டுக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் எளிமையான வழி, ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் தன் துறை செட்டோடு ஒரே மேசையில் உட்காருவது. காதில் விழுந்ததை வாயால் அடுத்தவருக்குச் சொன்னாலே போதும். அப்படிச் சொல்லும்போது துறைக் குறியீட்டுச் சொற்கள் வேண்டாம், வெறும் பேச்சுமொழி போதும். ஒரு துறையின் குறியீட்டு எண் அடுத்த துறைக்கு வேறு அர்த்தம்.

சாட்டிலைட் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். திறந்த வானம் தெரிந்தால்தான் அது பேசும், அறைக்குள் மேசையில் வைத்து அழுத்தினால் ஒன்றும் வராது. சார்ஜும் சந்தாவும் உயிரோடு இருக்கின்றனவா என்று மாதம் ஒரு தடவை வெளியே போய் ஒரு அழைப்பு செய்து பாருங்கள். உங்கள் பகுதி ஹாம் ரேடியோக்காரர்களை (உரிமம் பெற்று சொந்த ஒயர்லெஸ் நடத்தும் ஆர்வலர்கள்) முன்கூட்டியே பழக்கம் செய்துகொள்ளுங்கள், அவர்கள் இந்த மாதிரி நாளுக்காகவே பயிற்சி செய்கிறவர்கள்.

மக்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது

எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போகும், நெரிசலில் மணிக்கணக்கில் தாமதமாகும். செல் பிராட்காஸ்ட் அப்படி இல்லை: ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போகும், யாருடைய எண்ணும் தேவையில்லை, ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் வரும். ஜெர்மனியில் 2021 ஜூலை வெள்ளத்தில் 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது இந்த வசதி அங்கே இல்லை, 2023 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் நாட்டில் இருந்தால், உங்கள் பகுதிக்கு அதை அனுப்பும் அதிகாரம் யாரிடம், இரவு இரண்டு மணிக்கு அவரை எப்படி எழுப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எம்எஸ்தான் வழி என்றால் நீளத்தைக் கவனியுங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழ் போன்ற எழுத்துகளில் 70 தான். அதிலும் 'கொ' இரண்டு இடம் பிடிக்கும். எழுபதுக்குள் "யார் சொல்வது, என்ன, எங்கே, எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும்" எல்லாம் அடங்காது, இரண்டாகத்தான் போகும். எனவே முதல் துண்டிலேயே செய்ய வேண்டியதை வையுங்கள்.

எச்சரிக்கைக் கோப்புக்குப் பொதுவான வடிவம் ஒன்று இருக்கிறது, பொது எச்சரிக்கை நெறிமுறை என்று சொல்லலாம், கேப் என்றுதான் துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே கோப்பை எழுதினால் போன், டிவி, சைரன், தகவல் பலகை எல்லாம் படித்துக்கொள்ளும். அதில் அவசரம், தீவிரம், உறுதி என்று மூன்று தனித்தனிக் கட்டம். இது நல்ல பழக்கம், ஏனென்றால் மனிதர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவார்கள்: மிகத் தீவிரமானது ஆனால் நாளைக்குத்தான், அதுவும் நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற நிலையும் உண்டே. செய்தி உண்மையா, ஒத்திகையா, சோதனையா என்பதற்கும், புதியதா, திருத்தமா, ரத்தா என்பதற்கும் தனிக் கட்டம் உண்டு.

அந்த ரத்து என்ற ஒன்றுக்காக ஹவாயைப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு, ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று எல்லோர் போனிலும் செய்தி வந்தது. ஏவுகணை எதுவும் இல்லை. உள்ளே நடந்த ஒத்திகையின் ஒலிப்பதிவில் "ஒத்திகை" என்ற சொல்லும் இருந்தது, "இது ஒத்திகை அல்ல" என்ற வாசகமும் இருந்தது. ஊழியர் ஒருவர் நிஜம் என்று நம்பி அனுப்பிவிட்டார். அனுப்பும் வழி தயாராக இருந்தது, தவறு என்று திருத்தி அனுப்பும் வாசகம் தயாராக இல்லை. அதே போன்களுக்குத் திருத்தம் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. ஆளுநரின் ட்விட்டர் பதிவு தாமதமானதற்கு, தன் கணக்கின் லாகின் விவரம் தனக்குத் தெரியாததும் ஒரு காரணம் என்று அவரே பிறகு சொன்னார்.

இதிலிருந்து நாலு வேலை கிடைக்கிறது. ஒவ்வொரு எச்சரிக்கை வாசகத்தோடும் அதன் ரத்து வாசகத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான் வேண்டாம். ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்து அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது, மூடிய உறையில் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

அனுப்பியதும் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் டிவி போட்டுப் பார்ப்பார்கள், அண்ணனுக்குப் போன் செய்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கிளம்புகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். அது மனித இயல்பு, குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எங்கே திரும்பினாலும் ஒரே செய்தி, ஒரே வார்த்தைகளில் இருந்தால் சீக்கிரம் கிளம்புவார்கள். டிவியில் "தாழ்வான பகுதி", எஸ்எம்எஸ்ஸில் தெருப் பெயர், ஒலிபெருக்கியில் வேறொன்று என்றால் இன்னும் நாலு பேரிடம் கேட்பார்கள்.

வதந்தி

2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க் பங்குச்சந்தைத் தளத்தில் மூன்றடி தண்ணீர் நிற்கிறது என்ற பொய்ச் செய்தி தொலைக்காட்சி வரைக்கும் போனது. அமெரிக்காவின் பேரிடர் முகமை வதந்திகளுக்கென்றே தனிப் பக்கம் திறந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதியது. நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் மறுப்பைவிட முக்கியம் வழக்கமான அறிக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேலே நேரம் போட்டு, எங்களுக்குத் தெரிந்தது, உறுதி ஆகாதது, அடுத்த அறிக்கை எத்தனை மணிக்கு. புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் "மாற்றம் இல்லை" என்று போடுங்கள். சொன்ன நேரத்தில் அறிக்கை வரவில்லை என்றால் அந்த இடத்தை வேறு யாராவது நிரப்புவார்கள். அறிக்கையைப் படமாக மட்டும் போடாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள். இணையம் மெதுவாக இருக்கும்போது படம் இறங்காது, பார்வையற்றவர்களின் போனும் படத்தைப் படிக்காது.

ஒத்திகையும், கடையை மூடுவதும்

கூட்டம் போட்டுப் படம் காட்டுவது ஒத்திகை ஆகாது. வேலை நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் அறையின் இணையத்தை இரண்டு மணி நேரம் பிடுங்குங்கள், பொறுப்பாளரை வெளியே உட்கார வையுங்கள், முப்பது போலிச் செய்திகளை உள்ளே விடுங்கள். அதில் ஐந்து ஒரே சம்பவமாகவும் இரண்டு பழைய தேதியாகவும் இருக்கட்டும். எத்தனை "முடிந்தது" வரைக்கும் போனது என்று எண்ணுங்கள். வாங்க வேண்டிய கருவி எது என்ற பட்டியல் அதற்கப்புறம் தானாக வரும், பெரும்பாலும் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு வேலையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவசரத்தில் இணைப்பு தெரிந்தவர் எல்லோரும் பார்க்கிற மாதிரி திறந்துவிட்ட ஷீட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர், எண், வீடு, தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி என்ற குறிப்பு எல்லாம் அப்படியே கிடக்கும். பொறுப்பாளர் ஒருவரை, மூடும் தேதி ஒன்றை முதல் நாளே படிவத்தில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதியில் பகிர்வு இணைப்பை அணைக்க வேண்டும், தன்னார்வலர்களின் லாகின்களை நீக்க வேண்டும், நேரமும் முடிவும் இருக்கும் பதிவை விசாரணைக்கும் அடுத்த திட்டத்துக்கும் பத்திரப்படுத்திவிட்டு, ஆட்களை அடையாளம் காட்டும் நெடுவரிசைகளை மற்ற எல்லாப் பிரதிகளிலிருந்தும் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களையும் கலைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அதே பழைய செய்திகள் அங்கிருந்துதான் கிளம்பும்.